ஒரே மிதியில் பிடிக்க வேண்டும்

எங்கள் ஊர்ப் பக்கம் யாரிடமாவது காரை இரவல் வாங்கினால் சாவியோடு சேர்த்து ஒரு வாசகமும் கைக்கு வரும். "பிரேக் மட்டும் கொஞ்சம் கீழ போவும். ரெண்டு மிதி மிதிச்சா நல்லாப் பிடிக்கும்." சேரன்மகாதேவியில் கேட்டிருக்கிறேன், வீரவநல்லூரில் கேட்டிருக்கிறேன், கல்லிடைக்குறிச்சியில் ஒரு கல்யாண வீட்டு வாசலில் வைத்தும் கேட்டிருக்கிறேன். சொல்கிறவர் நல்ல மனதோடுதான் சொல்கிறார். கதவு இறுக்கமாக இருக்கும், ரேடியோ பாடாது என்று சொல்வதைப்போல அதையும் வண்டியின் குணங்களில் ஒன்றாக நினைத்துச் சொல்கிறார்.

அது குணம் இல்லை, பழுது. அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார் ஒரு நொடியில் 16 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். இரண்டாவது மிதிக்கு அரை நொடி என்று வைத்தால்கூட எட்டு மீட்டர் போய்விட்டது. திருநெல்வேலியிலிருந்து பாபநாசம் போகிற சாலையில் எட்டு மீட்டர் என்பது சின்ன விஷயமா? அறுவடைக் காலத்தில் பாதி ரோட்டில் நெல் காயும். கிடை ஆடுகள் திடீரென்று மேடேறி வரும். பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் சைக்கிள்கள் மூன்று வரிசையாகப் போகும். அந்த இடத்தில் பிரேக் ஒரே மிதியில் பிடித்தாக வேண்டும்.

இந்தப் பழுதுக்குப் பெரும்பாலும் காரணம் பிரேக் லைனுக்குள், அதாவது சக்கரங்களுக்கு பிரேக் ஆயில் போகிற குழாய்களுக்குள், இருக்கும் காற்று. அதை வெளியேற்றுவதை மெக்கானிக்குகள் 'ஏர் எடுக்கிறது' என்பார்கள். நிதானமான இரண்டு பேர் இருந்தால் வீட்டிலேயே செய்துவிடலாம். அவசரப்பட்டால் வொர்க்‌ஷாப்பில் செய்தாலும் சரியாக வராது. நான் பல வருடமாக எங்கள் வீட்டு வண்டிகளுக்கும் சொந்தக்காரர்கள் வண்டிகளுக்கும் செய்து வருகிறேன். இதை யாரும் முழுசாகச் சொல்லித் தருவதில்லை என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஊசி போடுகிற சிரிஞ்ச் ஒன்றை எடுத்து, ஊசியைக் கழற்றிவிட்டு, காற்றுக் குமிழே இல்லாமல் தண்ணீரால் நிரப்புங்கள். மூக்கைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு அழுத்துங்கள். அசையாது. அழுத்தம் முழுக்க விரலில் வந்து முட்டும். இப்போது பாதித் தண்ணீரை விட்டுவிட்டு, அந்த இடத்தில் காற்றை இழுத்துக்கொண்டு மறுபடி அழுத்துங்கள். பிஸ்டன் சுலபமாக உள்ளே போகும், விரலில் ஒன்றும் பெரிதாகத் தெரியாது. திரவம் சுருங்காது, காற்று சுருங்கும். மூடிய திரவத்தில் ஓரிடத்தில் கொடுத்த அழுத்தம் எல்லா இடத்துக்கும் அப்படியே போகும் என்று பாஸ்கல் 17ஆம் நூற்றாண்டில் சொன்னதை நம்பித்தான் நாம் காலை பெடலில் வைக்கிறோம். நடுவே காற்று புகுந்துவிட்டால், காலின் பலம் அந்தக் காற்றைச் சுருக்குவதிலேயே தீர்ந்துவிடும். சக்கரம் வரைக்கும் போய்ச் சேராது.

அப்படியானால் இரண்டாவது மிதியில் மட்டும் எப்படிப் பிடிக்கிறது? பெடலைச் சட்டென்று விட்டு மறுபடி மிதிக்கும்போது, லைனில் போன ஆயில் முழுதாகத் திரும்புவதற்குள் பெடலின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கிற மாஸ்டர் சிலிண்டர், தன் மேலே இருக்கும் ஆயில் டப்பாவிலிருந்து இன்னும் கொஞ்சம் ஆயிலை உள்ளே எடுத்துக்கொள்கிறது. அந்தக் கூடுதல் ஆயில் காற்றின் சுருக்கத்தை ஈடுகட்டிவிடுகிறது. பெடல் மேலே வந்ததுபோல் தெரியும். காற்று அங்கேயேதான் இருக்கும். கொஞ்ச நேரம் கழித்து மிதித்தால் மறுபடி பழைய கதை.

ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். பெடல் கீழே போனாலே காற்று என்று முடிவுகட்டி ஸ்பேனரை எடுக்கக் கூடாது. பின்சக்கர டிரம்முக்குள் அதை உரசிப் பிடிக்கிற ஷூ தேய்ந்து இடைவெளி அதிகமானாலும் பெடல் ஆழமாகப் போகும், இரண்டாவது மிதியில் மேலே வரும். ஆனால் அப்போது பெடல் கீழே போய் நிற்கிற இடத்தில் கல்லுபோல் நிற்கும். காற்று இருந்தால் நிற்கிற இடத்திலும் மெத்தென்றுதான் இருக்கும், இன்னும் அழுத்தினால் இன்னும் போகும். இந்த வித்தியாசத்தை ஒருமுறை கால் உணர்ந்துவிட்டால் அப்புறம் மறக்காது. மூன்றாவது வகை ஒன்று உண்டு. எஞ்சின் ஓடும்போது பெடலை ஒரே சீராக அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தால் மெதுவாக, மிக மெதுவாகத் தரையை நோக்கி இறங்கிக்கொண்டே இருக்கும். அது எங்கேயோ கசிகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் வாஷர் போய்விட்டது என்று அர்த்தம். அதற்கு ஏர் எடுத்துப் பிரயோசனமில்லை. அந்த வண்டியைத் தெருமுனைக்குக்கூட ஓட்டக் கூடாது.

நல்ல பிரேக் லைனுக்குள் காற்று சும்மா நுழையாது. ஹோஸ் மாற்றியிருப்பார்கள், டிரம்முக்குள் ஷூவைத் தள்ளுகிற வீல் சிலிண்டரை மாற்றியிருப்பார்கள், டப்பாவில் ஆயில் வற்றும்வரை கவனிக்காமல் விட்டிருப்பார்கள். இது எதுவும் இல்லாமல் காற்று வந்திருந்தால் கசிவைத் தேடுங்கள். சக்கரத்தின் உள்பக்கம், டிரம்மின் பின் தகடு, ஹோஸ் மாட்டியிருக்கும் முனைகள், காலின் பலத்தைக் கூட்டித் தருகிற பூஸ்டரோடு மாஸ்டர் சிலிண்டர் சேருகிற இடம் எல்லாவற்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள். பனியன் வேஸ்டால் துடைத்துப் பார்த்தால் ஈரம் தெரியும். ஏர் எடுத்த ஒரு வாரத்தில் பெடல் மறுபடி மெத்தென்று ஆனால், இன்னொரு முறை ஏர் எடுக்க உட்காராமல் இந்தத் தேடலுக்குத்தான் போக வேண்டும்.

எங்கள் மைனியின், அதாவது அண்ணியின், ஆல்டோ காருக்கு அப்படித்தான் ஒரு சங்கதி. மைனி அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியை, தினமும் வண்டியில்தான் போய் வருவார். பின் இடது சக்கரத்தில் வீல் சிலிண்டர் கசிந்து, ஒரு வொர்க்‌ஷாப்பில் புதுசு போட்டுக் கொடுத்தார்கள். வண்டி வந்ததும் பெடல் முன்னைவிட மெத்தென்று இருந்தது. கேட்டதற்கு, "ஓட ஓடச் செட் ஆயிரும், அதுவரைக்கும் ரெண்டு மிதி மிதிங்க" என்றார்களாம். ஓட ஓட எந்தக் காற்றும் தானாக வெளியே போகாது. லைனுக்குள் உயரமான வளைவு எங்கே இருக்கிறதோ அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் மைனியும் உட்கார்ந்து அந்தக் காற்றை எடுத்தோம்.

வேலைக்குப் போவதற்கு முன் ஆயிலைப் பற்றிப் பேசியாக வேண்டும், ஏனென்றால் இதில்தான் நம் ஊரில் அலட்சியம் அதிகம். பிரேக் ஆயில் என்று சொல்கிறோமே தவிர அது எண்ணெய் இனம் இல்லை, கிளைக்கால் (glycol) என்ற ரசாயன வகையைச் சேர்ந்தது. காற்றிலுள்ள ஈரத்தை அது உறிஞ்சும். ரப்பர் ஹோஸ் வழியாக, டப்பா மூடி வழியாக, வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஈரம் உள்ளே போகும். ஆனியிலும் ஆடியிலும் சாரல், ஐப்பசி கார்த்திகையில் அடைமழை என்று இரண்டு பருவத்தின் ஈரத்தையும் பார்க்கிற எங்கள் மேற்குப் பக்கத்தில் இது இன்னும் கவனிக்க வேண்டிய விஷயம்.

ஈரம் ஏறினால் என்ன? கொதிநிலை இறங்கிவிடும். டாட் 3 (DOT 3) என்று தரக் குறி போட்ட புது ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரம். அதே ஆயிலில் நூற்றுக்கு 3.7 பங்கு தண்ணீர் சேர்ந்தால் தரம் கேட்பதே 140 டிகிரிதான். டாட் 4 என்றால் புதிதாக 230, ஈரம் சேர்ந்தபின் 155. சமவெளியில் ஓட்டுகிறவருக்கு இந்த எண்கள் தேவைப்படாமலே காலம் ஓடிவிடலாம். மாஞ்சோலை மலையிலிருந்து மணிமுத்தாறுக்கு இறங்குகிறவருக்குத் தேவைப்படும். அந்தச் சாலையில் கொண்டை ஊசி வளைவுகளில் காலைப் பெடலிலேயே வைத்துக்கொண்டு இறங்கினால் டிஸ்க்கும் பேடும் பழுக்கச் சுடும். அந்தச் சூடு, பேடை டிஸ்க்கோடு அழுத்திப் பிடிக்கிற காலிப்பருக்குள் இருக்கும் ஆயிலுக்கு ஏறும். பழைய ஆயில் அங்கே கொதித்து ஆவியாகும். ஆவியும் காற்றைப்போலவே சுருங்கும். பெடல் தரைக்குப் போய்விடும்.

இதில் பொல்லாத விஷயம் என்னவென்றால், வண்டியை எப்படியோ நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிட்டால் ஆவி மறுபடி திரவமாகிவிடும். பெடல் பழையபடி மேலே வந்து நிற்கும். மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் "பிரேக் நல்லாத்தானே இருக்கு" என்பார். வீட்டில் எல்லோரும் ஓட்டுநர் பதற்றத்தில் சரியாக மிதிக்கவில்லை என்று பேசுவார்கள். ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கோ, வனத்துறையின் அனுமதி வாங்கி மாஞ்சோலைக்கோ குடும்பத்தோடு மலையேறப் போகிறவர்கள் டயரில் காற்று பார்ப்பார்கள், ரேடியேட்டரில் தண்ணீர் பார்ப்பார்கள். பிரேக் ஆயிலுக்கு எத்தனை வயது என்று கேட்கிறவர் அபூர்வம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது பொதுவான வழக்கம். வண்டியோடு வந்த புத்தகத்தில் உங்கள் வண்டிக்கு என்ன கெடு என்று இருக்கும். இறங்கும்போது இரண்டாம் கியரில், தேவைப்பட்டால் முதல் கியரில், எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்படி இறங்குங்கள். புது ஆயில் போட்ட வண்டிக்கும் இதைத்தான் சொல்வேன்.

வாங்கும்போது சீல் உடைக்காத பாட்டிலாக வாங்குங்கள். எத்தனையோ நாளாகத் திறந்து கிடக்கும் டின்னிலிருந்து ஊற்றிக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது ஏற்கனவே ஈரத்தைக் குடித்திருக்கும். ஏர் மட்டும் எடுக்க அரை லிட்டர் தாராளம், பழைய ஆயில் முழுவதையும் மாற்றுவதாக இருந்தால் ஒரு லிட்டர் வைத்துக்கொள்ளுங்கள். வண்டியின் ஆயில் டப்பா மூடியில் டாட் 3 என்று இருந்தால் டாட் 4 ஊற்றலாம். டாட் 5 மட்டும் சிலிகான் வகை, மற்றதோடு சேரவே சேராது, அதைத் தொடாதீர்கள். எஞ்சின் ஆயிலோ மண்ணெண்ணெயோ ஒரு சொட்டுக்கூட இந்த லைனுக்குள் போகக் கூடாது. உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர்கள் ஊதிப்போய் மொத்த பிரேக்கையும் கெடுத்துவிடும். மண்ணெண்ணெயில் கழுவிய ஸ்பேனரைக்கூட நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் நான் எடுப்பேன்.

மற்ற சாமான்கள் எளிமையானவை. ஒவ்வொரு சக்கரத்திலும் காற்றை வெளியே விடுவதற்கென்று இருக்கிற சின்னத் திருகான நிப்பிளுக்குச் சரியாகப் பொருந்துகிற ரிங் ஸ்பேனர், பெரும்பாலும் 8 அல்லது 10 எம்எம். ஓப்பன் ஸ்பேனர் வேண்டாம், மூலை தேய்ந்து நிப்பிள் உருண்டையாகிவிட்டால் அன்றைய வேலை அதோடு நின்றுவிடும். கண்ணாடிபோல் உள்ளே தெரிகிற டியூப் இரண்டு அடி. கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற லெவல் டியூப் வகையிலேயே மெல்லியது ஹார்டுவேர் கடையில் கிடைக்கும், நிப்பிளின் மூக்கில் இறுக்கமாக உட்கார வேண்டும். ஒரு பழைய பிளாஸ்டிக் பாட்டில். பனியன் வேஸ்ட். ஒரு வாளித் தண்ணீர். தண்ணீர் எதற்கென்றால், பிரேக் ஆயில் பெயிண்டைத் தின்றுவிடும். எங்கே சிந்தினாலும் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். கண்ணில் தெறித்தாலும் அதேதான், நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

வண்டியைத் தூக்குகிற விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. வண்டியோடு வரும் ஜாக்கி டயர் மாற்றுவதற்கு மட்டும்தான். அதை நம்பி அடியில் தலையை நீட்டக் கூடாது. ஸ்டாண்ட் கொடுத்து வண்டியை அதில் உட்கார வையுங்கள். எங்கள் வீட்டு முற்றம் மண் தரை, மழைக்குப் பிறகு ஜாக்கி பொதபொதவென்று இறங்கும். அதனால் அடியில் அகலமான பலகை போட்டு, தரையில் நிற்கிற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் பனங்கட்டை அண்டக் கொடுப்பேன். சில வண்டிகளில் பின்னச்சில் சுமையைப் பொறுத்து அழுத்தத்தை மாற்றுகிற வால்வு இருக்கும். அவற்றில் பின்சக்கரம் தொங்கினால் அந்த வால்வு பின் லைனுக்கு ஆயிலை அரைகுறையாகத்தான் விடும். அப்படிப்பட்ட வண்டியை நான்கு சக்கரமும் தரையில் நிற்க வைத்தோ ரேம்ப்பில் ஏற்றியோ செய்ய வேண்டும்.

அப்புறம் நிப்பிள். டிரம்முக்குப் பின்னாலும் காலிப்பரின் மேல் பக்கத்திலும் சுண்டுவிரல் நுனி அளவுக்கு இருக்கும். சின்ன ரப்பர் தொப்பி போட்டிருக்கும், பாதி வண்டிகளில் அது எப்போதோ விழுந்திருக்கும். தொப்பி இல்லாத நிப்பிளின் ஓட்டையில் மண் அடைத்துக்கொண்டு துருப்பிடித்திருக்கும். முந்தின நாளே கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்து, மரையைச் சுற்றித் துரு இளக்கும் ஸ்பிரே அடித்து வைத்துவிடுங்கள். மறுநாள் துடைத்துவிட்டு, சின்னச் சுத்தியலால் சுற்றிலும் லேசாகத் தட்டிவிட்டு, ஸ்பேனரை மாட்டி முதலில் இறுக்குகிற பக்கம் ஒரு துளி அசைத்து, பிறகு கழற்றுகிற பக்கம் திருப்புங்கள். முரண்டு பிடித்தால் பலத்தைக் கூட்டாதீர்கள். உடைந்தால் வீல் சிலிண்டரையே மாற்றும்படி ஆகிவிடும். நிப்பிளை முழுசாகக் கழற்ற வேண்டியதே இல்லை. அதன் அடிமுனை கூம்பாக இருக்கும், கூம்புக்குச் சற்று மேலே பக்கவாட்டில் ஓட்டை. கால் சுற்றிலிருந்து அரைச் சுற்று திருப்பினாலே கூம்பு இடத்தைவிட்டு எழும்பி, ஆயில் அந்த ஓட்டை வழியாக டியூபுக்கு வந்துவிடும்.

எந்தச் சக்கரத்தில் தொடங்குவது? மாஸ்டர் சிலிண்டருக்கு எது ரொம்ப தூரமோ அது முதலில். நம் வண்டிகளில் மாஸ்டர் சிலிண்டர் வலது முன்பக்கம் இருக்கும். அதனால் பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது என்று போவது வழக்கம். முன்சக்கரம் இழுக்கிற சின்னக் கார்களில் பெரும்பாலும் லைன்கள் குறுக்காகப் பிரிந்திருக்கும். முன் இடதும் பின் வலதும் ஒரு ஜோடி, முன் வலதும் பின் இடதும் ஒரு ஜோடி. ஒன்று உடைந்தாலும் இன்னொன்று காப்பாற்றட்டும் என்பதற்காக இப்படி. இவற்றில் சில கம்பெனிகள் ஜோடி ஜோடியாகச் செய்யச் சொல்லும். உங்கள் வண்டிப் புத்தகம் சொல்கிற வரிசைதான் கடைசி வார்த்தை.

இப்போது இருவர் வேலை. ஒருவர் சக்கரத்தடியில், ஒருவர் பெடலில். பெடலில் உட்காருகிறவரைச் சும்மா உதவிக்கு என்று நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால் பெடலில் இருப்பவரிடம்தான் வேலை இருக்கிறது. நிப்பிள் திறந்திருக்கும்போது அவர் காலை எடுத்துவிட்டால் வெளியே போன காற்று அத்தனையும் ஒரே இழுப்பில் திரும்பி உள்ளே வந்துவிடும். அதனால் விளையாட்டுப் பிள்ளைகளை உட்கார வைக்காதீர்கள், ஃபோன் பேசிக்கொண்டே செய்கிறவரையும் வேண்டாம். சொன்னதைத் திருப்பிச் சொல்லிவிட்டுச் செய்கிற ஆள் வேண்டும். மைனி அதில் கெட்டி.

எஞ்சினை அணைத்துவிட்டு, பெடலை ஏழெட்டு முறை மிதித்து பூஸ்டரில் மிச்சமிருக்கும் வெற்றிடத்தைத் தீர்த்துவிட வேண்டும். பெடலுக்கு அடியில் ஒரு பலகைத் துண்டு வைத்தோம். பழைய வண்டியில் பெடல் வழக்கமாகத் தொடாத ஆழத்துக்குப் போனால், மாஸ்டர் சிலிண்டருக்குள் துருவும் அழுக்கும் படிந்த பகுதியில் ரப்பர் உரசிக் கிழியும். அதைத் தடுக்கத்தான் பலகை. டப்பாவை மேல் கோடு வரை நிரப்பி, மூடியைச் சும்மா மேலே வைத்தோம். ஆடிக் காற்று முற்றத்துப் புழுதியை அள்ளிக்கொண்டு வருகிற நேரம், திறந்து போட முடியாது. டியூபின் ஒரு முனை நிப்பிளில், மறுமுனை பாட்டிலில் கொஞ்சம் புது ஆயிலுக்குள் மூழ்கியபடி. டியூப் நிப்பிளிலிருந்து முதலில் மேல்நோக்கி வளைந்து பிறகு கீழே இறங்கும்படி கட்டிவிட்டேன். அப்படிக் கட்டினால் குமிழ்கள் தெளிவாகத் தெரியும்.

"மெதுவா மிதிங்க மைனி."

"மிதிக்கேன்."

"மூணு தடவை. கடைசித் தடவை பிடிச்சுக்கிடுங்க."

"பிடிச்சாச்சு தம்பி."

நிப்பிளைத் திறந்தேன். "கீழ போவுது… போயிட்டு, தட்டிட்டு" என்று சத்தம் வந்தது. பெடல் பலகையைத் தொடுகிறது. நிப்பிளை மூடினேன். மூடிய பிறகுதான் "விடுங்க." "விட்டாச்சு." மறுபடி முதலிலிருந்து. மிதி, பிடி, திற, மூடு, விடு. இந்த வரிசை ஒருபோதும் மாறக் கூடாது. பெடலைத் தடதடவென்று அடித்து மிதிக்கவும் கூடாது. பெரிய குமிழ் உடைந்து நுரையாகிவிடும், நுரையை வெளியே கொண்டுவருவது பெரும்பாடு.

டியூபில் முதலில் வந்தது கருப்பட்டிக் காப்பி நிறத்தில் பழைய ஆயில். அடுத்த மிதியில் அதற்கு நடுவே வெள்ளைக் கோடுபோல் ஒரு நீளக் காற்று. டியூபின் முழு அகலத்தையும் அடைத்துக்கொண்டு, விரற்கடை நீளத்துக்கு, தயங்கித் தயங்கி மேலேறி, வளைவைத் தாண்டி இறங்கி, பாட்டிலுக்குள் குபுக்கென்று வெடித்தது. மைனியின் வண்டியை இத்தனை நாளாக இரண்டு மிதி மிதிக்க வைத்த ஆசாமி அதுதான். கதவைத் திறந்து எட்டிப் பார்க்க மைனிக்கும் ஆசை, ஆனால் கால் பெடலில். "இருங்க, மூடிக்கிடுதேன்" என்று சொல்லி மூடிவிட்டு, காலை எடுக்கச் சொல்லி, அடுத்து வந்த குமிழ்களை டார்ச் அடித்துக் காட்டினேன். ஒவ்வொரு மிதிக்கும் குமிழ் சிறுத்துக்கொண்டே வந்தது. மிளகு அளவு, கடுகு அளவு, பிறகு ஊசிமுனை போல ஒன்றிரண்டு. நிறமும் வெளுத்துத் தெளிந்தது.

இந்த இடத்தில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். பெரிய குமிழ் வந்ததும் வேலை முடிந்ததென்று அடுத்த சக்கரத்துக்குப் போய்விடுவார்கள். குமிழே இல்லாமல், புது ஆயிலின் நிறத்தில், தொடர்ச்சியாக நாலைந்து மிதிக்கு வந்தால்தான் அந்தச் சக்கரம் முடிந்தது. இடையிடையே டப்பாவைப் பார்க்க வேண்டும். ஐந்தாறு மிதிக்கு ஒருமுறை ஊற்றிக்கொண்டே இருந்தால் தப்பில்லை. டப்பா வற்றினால் மாஸ்டர் சிலிண்டரே காற்றைக் குடித்துவிடும், நான்கு சக்கரத்தையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். பாட்டிலில் சேர்ந்த ஆயிலை, எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும், திரும்ப டப்பாவில் ஊற்றவே கூடாது.

துணைக்கு ஆள் இல்லாதவர்கள் நிப்பிளைத் திறந்து வைத்துவிட்டுத் தானாகச் சொட்டவிடலாம். டப்பா மேலே இருப்பதால் ஆயில் மெல்ல இறங்கும், நேரம் பிடிக்கும், ஆனால் சுத்தமாக வரும். உறிஞ்சுகிற வேக்குவம் பம்பும் விற்கிறார்கள். அதில் நிப்பிளின் மரை வழியாக வெளிக்காற்றும் சேர்ந்து வருவதால் குமிழ் ஓயவே ஓயாது. அதைப் பார்த்துப் பயந்து லிட்டர் கணக்கில் ஆயிலை வீணாக்கியவர்கள் உண்டு. என் விருப்பம் இரண்டு பேர் செய்கிற பழைய முறைதான்.

எவ்வளவு எடுத்தும் முன்சக்கரக் காற்று போகவில்லையென்றால் காலிப்பரைப் பாருங்கள். நிப்பிள் மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா? வேலை பார்த்தபோது இடது காலிப்பரை வலதிலும் வலதை இடதிலும் மாட்டியிருந்தால் நிப்பிள் அடிப்பக்கம் வந்துவிடும். காற்று எப்போதும் மேலேதான் நிற்கும், கீழே இருக்கிற வாசலுக்கு அது வராது. நாள் முழுக்க மிதித்தாலும் வராது.

2019 ஏப்ரலிலிருந்து நம் நாட்டில் விற்கிற புதுக் கார்களுக்கு ஏபிஎஸ், அதாவது பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற அமைப்பு, கட்டாயம். ஏபிஎஸ் வண்டியிலும் சாதாரணமாக ஆயில் மாற்றுவது இதே முறைதான். ஆனால் டப்பா வற்றி ஏபிஎஸ் யூனிட்டுக்குள்ளேயே காற்று போய்விட்டால், உள்ளே இருக்கிற வால்வுகளையும் பம்பையும் ஸ்கேனர் மாட்டி இயக்கினால்தான் அந்தக் காற்று வெளியே வரும். அதை வீட்டில் முயற்சி செய்யாதீர்கள். அந்த வசதி உள்ள இடத்துக்கு வண்டியைத் தூக்கிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

நான்கு சக்கரமும் முடிந்ததும் நிப்பிள்களை ஒருமுறை தொட்டுப் பார்த்து, மணிக்கட்டு பலத்துக்கு மட்டும் இறுக்கி, ரப்பர் தொப்பிகளைப் போட்டோம். தொப்பி இல்லாத இரண்டுக்கும் புதுசு. பலகைத் துண்டை எடுத்துவிட்டு மைனி பெடலை மிதித்தார். பாதியிலேயே நின்றது, அங்கேயே உறுதியாக. மிதித்தபடியே எஞ்சினை ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். பெடல் ஒரு துளி இறங்கி நின்றது. பூஸ்டர் வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம் அது. அப்படியே ஒரு நிமிடம் அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு நான் நான்கு சக்கரத்தையும் சுற்றிவந்து நிப்பிள்களில் ஈரம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தேன். பெடல் இறங்கவில்லை, எங்கும் ஈரமும் இல்லை. பிறகு முற்றத்துக்குள்ளேயே நகர்த்தி நிறுத்தி, தெருவில் இருபது கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டி நிறுத்தி, அதற்கப்புறம்தான் மெயின் ரோட்டுக்குப் போனார்.

பழைய ஆயிலை என்ன செய்வது என்று யாரும் யோசிப்பதில்லை. முற்றத்து ஓரத்தில் ஊற்றுவார்கள், இல்லாவிட்டால் வாய்க்காலில். எங்கள் பக்கத்து வயலுக்கெல்லாம் கன்னடியன் கால்வாய் தண்ணீர்தான், அதில் மாடு குடிக்கும், பிள்ளைகள் குளிக்கும். பிரேக் ஆயில் நஞ்சு. மூடி போட்ட கேனில் தனியாகச் சேர்த்து வைத்து, கழிவு ஆயில் எடுக்கிற வொர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள். எஞ்சின் ஆயிலோடு கலக்காமல், கேன் மேல் பேர் எழுதிக் கொடுங்கள். மறுநாள் காலையில் வண்டியை எடுக்கும் முன் பானெட்டைத் திறந்து டப்பாவில் மட்டம் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு வாரத்துக்கு இந்தப் பார்வை வேண்டும். மட்டம் அப்படியே நின்றால் அடுத்த சர்வீஸ் தேதியோடு ஆயில் மாற்றிய தேதியையும் எழுதி டப்பா பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். அடுத்து அந்த வண்டியில் கைவைக்கிறவருக்கு உதவும்.